சுண்ணாம்புச் சுவரும் சுருதிப் பெட்டியும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, சாப்பாட்டுக்கு முன்னாடி இருபது நிமிஷம் நீ பேசணும்" என்றார். "எதைப் பத்திண்ணே?" என்று கேட்டேன். "எதைப் பத்தி வேணாலும் பேசு. ஸ்லைடு மட்டும் போட்டுடாதே" என்றார். போன தடவை ஒருவர் ஸ்லைடு போட விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். அதனால் இன்று விளக்கு எரியும். தப்பிக்க வழி இல்லை.

நான் 2009-ல் சிவில் முடித்தவன். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதுதான் இப்போது என் தொழில். சில வருஷங்களுக்கு முன் என் அக்கா மகள் சென்னையில் இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்க வேண்டும் என்றாள். துணைக்குப் போனேன். அடையாறு ஆற்றங்கரையில், கிரீன்வேஸ் சாலைப் பக்கம், இரண்டு கோபுரங்களோடு வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை. அவள் விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றாள். நான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு அறையில் யாரோ சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் மிருதங்கம். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "என்ன சார் தட்டுறீங்க?" என்றார். "அங்கே வாத்தியார் எதுக்குத் தட்டுறாரோ அதுக்குத்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிய வைக்கத்தான் இந்த உரை.

அந்த மாளிகையின் பெயர் பிராடி காசில். ஜேம்ஸ் பிராடி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் 1796-க்கும் 1798-க்கும் இடையில் தனக்காகக் கட்டிக்கொண்டது. அதில் நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பணமுடை வந்து வாடகைக்கு விட்டார். சில வருஷங்களிலேயே வீட்டுக்கு முன்னால் ஓடும் அதே அடையாற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். அதன் பிறகு நீதிபதி, அதிகாரி என்று பலர் குடியிருந்தார்கள். மதராஸ் சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்சும் அவர்களில் ஒருவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல், அரசு ஒரு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியது. முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். முதலில் அடையாற்றங்கரையிலேயே 'பிரிட்ஜ் ஹவுஸ்' என்ற வேறொரு பங்களாவில் நடந்தது. 1956-ல் பிராடி காசிலுக்கு வந்தது. வீட்டுக்குத் 'தென்றல்' என்று பெயர் வைத்தார்கள். ஆற்றங்கரை வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. டி. பிருந்தா போன்ற மேதைகள் பாடம் சொல்லிக் கொடுத்த கல்லூரி அது. 2013-ல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி, இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைத்தபோது அதற்கும் இந்த வீடுதான் வாசல் ஆயிற்று. எழும்பூரில் இருக்கும் கவின்கலைக் கல்லூரியும் இந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்ததுதான். அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர், 1850-ல்.

இதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, மற்ற ஊர்களில் எப்படி என்று தேடினேன். கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற இடத்தில் தாகூர் குடும்பத்தின் பெரிய வீடு. ரவீந்திரநாத் தாகூர் 1861-ல் பிறந்ததும் அந்த வீட்டில், 1941-ல் கண்ணை மூடியதும் அந்த வீட்டில். அங்கேதான் 1962-ல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் ஆரம்பமானது. இன்னொன்று சத்தீஸ்கரில் கைராகட். சின்ன சமஸ்தானம். அந்த ராஜாவுக்கும் ராணிக்கும் இந்திரா என்று ஒரு மகள், சின்ன வயசிலேயே இறந்துபோய்விட்டாள். அவள் நினைவாகத் தங்கள் 'கமல் விலாஸ்' அரண்மனையையே இசைக்குக் கொடுத்துவிட்டார்கள். 1956-ல் இந்திரா கலா சங்கீத விஸ்வவித்யாலயம் அங்கே தொடங்கியது. பெற்ற மகளுக்குச் சமாதி கட்டுவதற்குப் பதிலாக, ஊரார் பிள்ளைகள் பாடுவதற்கு வீட்டைத் திறந்துவிட்டார்கள்.

ஒன்று கம்பெனிக்காரர் வீடு, ஒன்று கவிஞர் வீடு, ஒன்று ராஜா வீடு. மூன்றும் இன்று நிற்கின்றன. அதே காலத்தில் கட்டிய எத்தனையோ பங்களாக்கள் இடிந்து, அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. காரணம் ரொம்ப சாதாரணம். இந்த வீடுகளில் தினமும் யாராவது கதவைத் திறக்கிறார்கள். ஒழுகினால் யாராவது பார்க்கிறார்கள். செடி முளைத்தால் யாராவது பிடுங்குகிறார்கள். ஆள் புழங்காத வீடு மழையில் விழும் என்று நம் பாட்டிமார் சொன்னது முழுக்க முழுக்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்.

சரி, ஆபீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுத்தாலும் ஆள் புழங்குவார்களே, பாட்டுக்கும் பழைய வீட்டுக்கும் என்ன தனிப் பொருத்தம்? அங்கேதான் நம் சப்ஜெக்ட் வருகிறது.

1895-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு லெக்சர் ஹால். பேசுவது யாருக்கும் புரியவில்லை, அவ்வளவு எதிரொலி. வாலஸ் சபீன் என்ற இளம் பேராசிரியரிடம் சரி செய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போடுவார், ஓர் ஆர்கன் குழாயை ஊதுவார், சத்தம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அதிலிருந்து வந்ததுதான் சபீன் ஃபார்முலா. எதிரொலி நேரம் என்பது அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுப்பது. அவ்வளவுதான். அந்த உறிஞ்சும் பரப்புக்கு அவர் வைத்த அளவுகோல் என்ன தெரியுமா? திறந்த ஜன்னல். போன சத்தம் திரும்பி வராது அல்லவா?

இப்போது ஒரு பழைய பங்களா அறையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர், உயரம் ஐந்து மீட்டர். கன அளவு 180. பளபளவென்று சுண்ணாம்புப் பூச்சு, தரை கெட்டியான தரை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் உறிஞ்சும் பரப்பு 6 சதுர மீட்டருக்கு மேல் தேறாது. கணக்குப் போட்டால் எதிரொலி கிட்டத்தட்ட 5 வினாடி. ஒரு ஸ்வரம் பாடினால் அடுத்த நாலு ஸ்வரம் அதோடு மோதும். பாட முடியாது. ஆனால் இரண்டு சதுர மீட்டர் ஜன்னல் நாலைத் திறந்து விடுங்கள். 6 என்பது 14 ஆகிவிடும். எதிரொலி 2 வினாடி. இருபது பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஆளுக்கு 0.4 என்று வைத்தால் இன்னொரு 8. மொத்தம் 22. எதிரொலி 1.3 வினாடி. பாட்டுக் கற்றுக்கொள்ள அருமையான அறை!

ஆக, அந்த ஜன்னல் காற்றுக்காக மட்டும் இல்லை. அந்த உயரமும், அந்தத் திறந்த ஜன்னலும், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் சேர்ந்துதான் அது பாட்டு அறை. ஏ.சி. போடுகிறேன் என்று ஜன்னலை அடைத்தால் பாட்டு கெடும். எதிரொலிக்கிறதே என்று ஃபால்ஸ் சீலிங் போட்டால் கூரை கெடும். கூரை எப்படிக் கெடும் என்பதைச் சொல்கிறேன்.

'மெட்ராஸ் டெரஸ்' என்று நாம் படித்திருக்கிறோம். படித்தோமா, பரீட்சைக்கு விட்டுவிட்டோமா என்பது வேறு விஷயம். ஐ.எஸ். 2119 என்ற இந்தியத் தரக்குறியீட்டின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, ஆறுக்கு மூன்று, ஒரு அங்குல கனத்தில் சின்னச் செங்கற்களை மூலையிலிருந்து சாய்வாக, குத்துக்கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதைக் கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். வரிசையாக உட்கார்ந்து தாளம் தப்பாமல் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இடம் இறுகும், ஒரு இடம் பொளபொளவென்று நிற்கும். அதற்கு மேல் தட்டு ஓடு. ஒரு துளி சிமெண்ட் கிடையாது. அந்தக் கூரை நூறு, நூற்றைம்பது வருஷம் நிற்கிறது. அதன் உயிர் தேக்குச் சட்டத்தின் நுனியில் இருக்கிறது. நுனி சுவருக்குள் இருக்கும். சுவர் ஈரமானால் நுனி மக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டால், கரையான் வந்ததும் தெரியாது, ஒழுகுவதும் தெரியாது.

சுவர் ஈரமாகாமல் இருக்க வேண்டுமானால் அது மூச்சு விட வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் வழியிலேயே காற்றில் ஆவியாகிப் போய்விடும். சுவரில் உப்புப் பூக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது அழகுக்கு மட்டும் என்றா நினைத்தீர்கள்? அது வருஷாந்திர மெயின்டனன்ஸ். அந்தச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல் முகத்தைப் பெயர்க்கும். கடைசியில் தேக்கு நுனி வரை ஈரம் போகும்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. எப்படித் தெரிந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். இதுவரை ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

2013. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். தெற்கே ஒரு ஊர். நூறு வருஷத்துப் பழைய வீடு. பெரிய ஹாலில் ஒரு டீச்சர் காலை ஆறு மணிக்கும் சாயங்காலமும் பரதநாட்டிய வகுப்பு நடத்தினார்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். மாடியில் ஒரு மூலையில் ஒழுகல். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். நான் என்ன செய்தேன்? பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஒன்றுக்கு நாலு சிமெண்ட் கலவை, அதில் வாட்டர்ப்ரூஃப் காம்பவுண்ட். மாடியில் பழைய ஓட்டுக்கு மேல் இரண்டு அங்குலம் கான்கிரீட். எஸ்டிமேட் போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

வேலை செய்ய வந்த மேஸ்திரிக்கு அறுபத்தைந்து வயசு இருக்கும். பூச்சைக் கொத்தப் போகும்போது என்னிடம் வந்து, "தம்பி, இந்தச் செவுரு மூச்சு விடணும். இப்படி மூடிப்புட்டீங்கன்னா உள்ளுக்குள்ளயே செத்துப்புடும்" என்றார். நான், "மேஸ்திரி, டிராயிங்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க" என்றேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. 2015 நவம்பரில் ஒரு ராத்திரி அந்த ஹாலின் கூரையில் ஒரு மூலை அப்படியே இறங்கிவிட்டது. விடியற்காலை நாலு மணி. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பதினைந்து பிள்ளைகள் கீழே ஆடிக்கொண்டிருப்பார்கள். போய்ப் பார்த்தேன். தேக்கு நுனிகள் கையால் பிசைந்தால் உதிர்ந்தன. அதற்கு மேல் நான் போட்ட கான்கிரீட். சதுர மீட்டருக்கு 120 கிலோ. அந்த முப்பத்தாறு சதுர மீட்டர் ஹாலுக்கு நாலு டன்னுக்கு மேல் பாரம். அந்தக் கணக்கை நான் எஸ்டிமேட் போடும்போது போடவே இல்லை. இரண்டு வரிக் கணக்கு. செகண்ட் இயர் பையன் போடுவான்.

டீச்சர் இடிபாட்டுக்குள் குனிந்து சலங்கைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "நல்லவேளை சார், குழந்தைங்க யாரும் இல்ல" என்றார்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். வீட்டுக்காரர் அடுத்த வருஷமே வீட்டை விற்றார். இடித்துவிட்டார்கள். டீச்சர் இப்போது ஒரு அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடத்தில் வகுப்பு நடத்துகிறார்கள்.

நான் அந்த மேஸ்திரியைத் தேடிப் போனேன். "மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர், "அத விடுங்க தம்பி. இனிமே தட்டிப் பாத்துட்டு எழுதுங்க" என்றார். சின்னச் சுத்தியலை என் கையில் கொடுத்துச் சுவரைத் தட்டச் சொன்னார். நல்ல இடத்தில் 'ணங்' என்று கேட்டது. பூச்சு விட்டுப்போன இடத்தில் 'பொத்' என்றது. மிருதங்கக்காரர் வாரைச் சுற்றித் தட்டி எந்தப் பக்கம் சுருதி இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பாரே, அதே வேலை. காவலாளி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

முடியாததும் இல்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை போய்விட்டது. இடித்துத் தள்ளத்தான் வேண்டும் என்று பேசியவர்கள் உண்டு. பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் தேக்கும் கொண்டே அதை எழுப்பி நிறுத்தியது. பிறகு பசுமைத் தீர்ப்பாயம் அங்கே உட்கார்ந்தது. அரசு வேலையிலேயே, டெண்டர் முறையிலேயே இது நடந்திருக்கிறது. சுண்ணாம்பு ஊற வைக்கவும் டெரஸ் அடிக்கவும் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வயசாகிக்கொண்டிருக்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று மதியம் பொதுக்குழு. அதில் ஐந்தாவது பொருள், நம் பழைய டிராயிங் ஹாலைப் புதுப்பிக்கச் சங்கம் நிதி கொடுப்பது. அந்த ஹாலை யாருக்குத்தான் மறக்கும்? பகலில் டி-ஸ்கொயரோடு மாரடித்தோம். சாயங்காலம் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்தது அங்கேதான். மேடையில் பாடத் தெரியாதவன்கூட அந்த ஹாலில் பாடினால் சுமாராகப் பாடுவான். என்னையே பாட விட்டிருக்கிறீர்கள், அதற்கு நீங்களே சாட்சி. அது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். உயரக் கூரை, ஏழு பெரிய ஜன்னல், சுண்ணாம்புச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ்.

சுற்றுக்கு விட்ட எஸ்டிமேட்டைப் பார்த்தேன். சிமெண்ட் பூச்சு, மாடியில் கான்கிரீட், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்டவர் நல்ல மனசோடு போட்டிருக்கிறார். 2013-ல் நானும் நல்ல மனசோடுதான் போட்டேன்.

நிதி வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகக் கொடுங்கள். மூன்று மாதம் மட்டும் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஃபைனல் இயர் பிள்ளைகள் நாலு பேரை ப்ராஜெக்டாக விடுவோம். ஒவ்வொரு தேக்கு நுனியிலும் ஈரம் எவ்வளவு என்று அளக்கட்டும். சுவர் முழுக்கத் தட்டி, 'ணங்' எங்கே, 'பொத்' எங்கே என்று வரைபடம் போடட்டும். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன். மேஸ்திரிக்கு இப்போது வயசு எழுபத்தைந்துக்கு மேல். கேட்டேன், "வண்டி மட்டும் அனுப்புங்க தம்பி, வர்றேன்" என்கிறார். அதற்கப்புறம் எஸ்டிமேட் போடுவோம். செலவு இதைவிடக் கூடினால் கூடுகிற தொகைக்கு நம் 2009 சிவில் செட் பொறுப்பு. என் நண்பர்கள் தலையைக் குனிந்துகொள்வதை மேடையிலிருந்து பார்க்கிறேன். பரவாயில்லை, பந்தியில் பேசிக்கொள்ளலாம்.

பிராடி கட்டிய வீட்டில் பிராடி நெடுநாள் வாழவில்லை. இருநூறு வருஷம் கழித்து யார் யார் பிள்ளைகளோ அங்கே உட்கார்ந்து ஸா பா ஸா பிடிக்கிறார்கள். நம் டிராயிங் ஹாலிலும் அடுத்த செட், அதற்கடுத்த செட் ஒத்திகை பார்க்கட்டும். கூரை அவர்கள் தலைக்கு மேல் பத்திரமாக நிற்கட்டும்.

என் அக்கா மகளுக்கு இடம் கிடைத்ததா என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார்கள். கிடைத்தது அக்கா. இப்போது வீட்டில் சுருதிப் பெட்டி விடிகாலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் சபீன் ஃபார்முலா இன்னும் புரியவில்லை.

சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம்.  மதியம் ஐந்தாவது பொருள் வரும்போது எல்லோரும் தூங்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடை பெறுகிறேன்.